ஆய்வேட்டில் பக்க எண்ணும் ஃபுட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து, அச்செடுத்து, பைண்டிங்குக்கு அனுப்புவது என் தொழில். கடைக்கு வருகிறவர்கள் கேட்பதில் பாதி பக்க எண்ணைப் பற்றித்தான் இருக்கும். மூன்று நான்கு வருட உழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை சமர்ப்பிக்க வேண்டிய நேரத்தில், அடியில் வரும் ஒரு சின்ன எண்ணுக்காக மாணவர்கள் கண் கலங்கி நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயத்துக்கு இவ்வளவு வேதனை வேண்டாம் என்பதால் எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் வேர்டில் எழுதுவதால் பதில்கள் வேர்டுக்கே பொருந்தும். லிப்ரே ஆபிஸும் கூகுள் டாக்ஸும் கடைசியில் வருகின்றன. திரையில் ஆங்கிலத்தில் தெரியும் மெனுப் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எண்ணை நானே தட்டச்சு செய்தால் என்ன?

அப்படிச் செய்தவர் ஒருவர் வந்தார். இருநூற்றுச் சொச்சம் பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியிலும் என்டர் தட்டித் தட்டி இறங்கி, நடுவில் எண்ணை அடித்து வைத்திருந்தார். கைடு 37-ஆம் பக்கத்தில் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார். சேர்த்தவுடன் அந்தப் பக்கத்து 37 அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து கடைசி வரை எல்லா எண்ணும் பக்கத்தின் நடுவிலும் தலையிலும் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுக்கவே எனக்கு ஒரு பொழுது ஆயிற்று.

வேர்ட் தானாகப் போடும் பக்க எண் எழுத்து அல்ல, ஃபீல்டு. 'நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன்' என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்த்துக் காட்டுகிற ஒரு குறிப்பு அது. எண்ணைச் சொடுக்கினால் பின்னால் சாம்பல் நிறம் படர்வதைப் பார்க்கலாம். ஆல்ட் விசையோடு எஃப்9 தட்டினால், எண் இருந்த இடத்தில் இரட்டை வளைவு அடைப்புக்குள் 'பேஜ்' என்ற சொல் தெரியும். மறுபடி அதையே தட்டினால் எண் திரும்பிவிடும். ஃபுட்டரில், அதாவது எல்லாப் பக்கத்தின் அடியிலும் தானாக வரும் பகுதியில், 5 என்ற எழுத்தை அடித்தால் எல்லாப் பக்கத்திலும் 5 என்றே வரும். அங்கே இந்த ஃபீல்டுதான் இருக்க வேண்டும்.

ஃபுட்டருக்குள் எப்படிப் போவது?

பக்கத்தின் அடி ஓரத்து வெற்றிடத்தில் இரண்டு முறை சொடுக்குங்கள். உடல் எழுத்து மங்கும், ஃபுட்டர் தெளியும். வேலை முடிந்ததும் எஸ்கேப் விசை.

எண்ணைப் போட எந்த வழி நல்லது?

எல்லாரும் போவது இன்சர்ட், பேஜ் நம்பர், பாட்டம் ஆஃப் பேஜ் என்ற வழி. ஃபுட்டர் காலியாக இருந்தால் தாராளமாக அதில் போகலாம். ஆனால் ஃபுட்டரில் ஏற்கெனவே ஆய்வுத் தலைப்போ துறையின் பெயரோ இருந்தால், இந்தப் பட்டியலில் உள்ள அமைப்பைச் சொடுக்கிய மறுகணம் அது போய்விடும். எண்ணை மட்டும் சேர்க்காமல் முழு ஃபுட்டரையும் மாற்றி வைக்கிற அமைப்புகள் அவை. எழுத்து இருக்கும் ஃபுட்டரில், கர்சரை வேண்டிய இடத்தில் வைத்து, அதே பேஜ் நம்பர் மெனுவில் கரன்ட் பொசிஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான் ஆல்ட், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்துத் தட்டிவிடுவேன், கர்சர் நிற்கும் இடத்தில் எண் வந்துவிடும்.

பட்டியலிலிருந்து போட்ட எண்ணுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு வெற்றுப் பத்தி தங்கிவிடும். எண் காரணமில்லாமல் மேலே ஏறி நிற்பதாகத் தோன்றினால் அதைத் தேடி அழியுங்கள்.

முகப்புப் பக்கத்தில் எண் வரக்கூடாது என்கிறார்கள்.

ஃபுட்டருக்குள் போய், மேலே தெரியும் பட்டையில் டிஃபரெண்ட் ஃபர்ஸ்ட் பேஜ் என்பதில் டிக் செய்யுங்கள். முதல் பக்கத்துக்கு மட்டும் தனி ஃபுட்டர் கிடைக்கும், அதைக் காலியாக விடுங்கள். இரண்டாவது பக்கம் 1 என்று தொடங்க வேண்டுமானால் பேஜ் நம்பர் மெனுவில் உள்ள ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ் பெட்டியில் ஸ்டார்ட் அட் என்ற இடத்தில் 0 கொடுங்கள். ஐந்தாறு பக்கக் கட்டுரைக்கு இது போதும். ஆய்வேட்டுக்குப் போதாது. அது அடுத்த கேள்வி.

நன்றியுரை, பொருளடக்கத்துக்கு ரோமன் எண், முதல் இயலிலிருந்து 1, 2, 3. இதை எப்படிச் செய்வது?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இந்த ஒரு பதிலை நிதானமாகப் படித்தால் மற்றவை தாமாகப் பிடிபடும்.

ரோமன் எண் எதற்கு என்று தெரிந்துகொண்டால் செய்வதும் சுலபமாகும். நூலின் முன்பகுதி கடைசியில்தான் எழுதப்படுகிறது. சான்றிதழ் எத்தனை, நன்றியுரை ஒரு பக்கமா மூன்றா, அட்டவணைப் பட்டியல் எவ்வளவு நீளும் என்பதெல்லாம் கடைசி வாரத்தில்தான் முடிவாகும். அதற்குத் தனி வரிசை இருந்தால், நன்றியுரையில் இன்னொருவர் பெயரைச் சேர்த்து ஒரு பக்கம் கூடினாலும் முதல் இயலின் 1 அசையாது. அச்சகத்தார் காலங்காலமாகச் செய்துவந்த ஏற்பாடு.

வேர்டில் எண் முறை, எண் தொடக்கம், ஃபுட்டர் எல்லாம் தனித்தனிப் பக்கத்துக்குச் சொந்தமானவை அல்ல, செக்ஷனுக்குச் சொந்தமானவை. கோப்பை நாம் பிரித்துக்கொள்ளும் ஒவ்வொரு பகுதியும் ஒரு செக்ஷன். 'பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும் எண்ணை மாற்று' என்று வேர்டிடம் சொல்லவே முடியாது. 'இங்கிருந்து புதிய செக்ஷன்' என்று பிரித்துவிட்டு அந்தச் செக்ஷனுக்குச் சொல்ல வேண்டும். கன்ட்ரோலும் என்டரும் தட்டினால் வருவது வெறும் பக்க முறிவு. அது செக்ஷனைப் பிரிக்காது.

வரிசை முக்கியம். முதலில், 'இயல் 1' என்ற தலைப்பின் முதல் எழுத்துக்கு முன்னால் கர்சரை வையுங்கள். லேஅவுட், பிரேக்ஸ், அதில் செக்ஷன் பிரேக்ஸ் என்பதன் கீழுள்ள நெக்ஸ்ட் பேஜ். பிறகு முதல் இயலின் ஃபுட்டரை இரண்டு முறை சொடுக்கித் திறங்கள். இடது ஓரத்தில் 'ஃபுட்டர், செக்ஷன் 2' என்று ஒரு சின்னச் சீட்டும், வலது ஓரத்தில் 'சேம் அஸ் பிரீவியஸ்' என்று இன்னொன்றும் தெரியும். அந்த வலது சீட்டைப் பாருங்கள். 'எனக்கென்று தனி ஃபுட்டர் இல்லை, முந்திய செக்ஷனுடையதையே காட்டுகிறேன்' என்கிறது அது. மேலே பட்டையில் லிங்க் டு பிரீவியஸ் என்ற பொத்தான் அழுந்தியிருக்கும். அதை ஒரு முறை சொடுக்கி விடுவியுங்கள். சீட்டு மறையும். அது மறைந்த பிறகுதான் எண்ணில் கை வைக்க வேண்டும்.

இனி, கர்சர் செக்ஷன் 2-இன் ஃபுட்டரில் இருக்கும்போதே ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ் பெட்டியைத் திறந்து, சாதாரண எண்ணைத் தேர்ந்து, ஸ்டார்ட் அட் 1 என்று கொடுங்கள். முன்பகுதியின் ஃபுட்டருக்குப் போய், அதே பெட்டியில் சின்ன ரோமன் எண்ணைத் தேருங்கள். பெட்டி எந்தச் செக்ஷனில் திறக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டு இடறல்கள் உண்டு. புதிய செக்ஷன் பிறக்கும்போது பழையதன் அமைப்பை அப்படியே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. முகப்புக்காக டிஃபரெண்ட் ஃபர்ஸ்ட் பேஜில் டிக் செய்திருந்தால், முதல் இயலின் முதல் பக்கத்திலும் எண் இராது. அங்கே டிக்கை எடுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு இயலுக்கும் செக்ஷன் பிரித்திருந்தால், இரண்டாம் இயல் மறுபடி 1 என்று தொடங்கக்கூடும். அங்கே கன்டினியூ ஃப்ரம் பிரீவியஸ் செக்ஷன் என்பதைத் தேருங்கள்.

எந்தச் செக்ஷனில் இருக்கிறோம் என்று எப்போதும் கண்ணில் பட, திரையின் அடிப்பட்டையில் வலது சொடுக்கு செய்து, செக்ஷன் என்பதில் டிக் செய்து வையுங்கள். கடைக் கணினிகள் எல்லாவற்றிலும் இதைச் செய்து வைத்திருக்கிறேன்.

ஓரிடத்தில் எண்ணை அழித்தால் எல்லா இடத்திலும் அழிகிறதே!

'சேம் அஸ் பிரீவியஸ்' சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விடுவித்த பிறகும் அப்படியே ஆகிறது என்றால் காரணம் வேறு: ஒரு செக்ஷனுக்கு மூன்று ஃபுட்டர் வரை இருக்கலாம். முதல் பக்கத்துக்கு ஒன்று, ஒற்றைப்படைப் பக்கத்துக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே விடுவிக்க வேண்டும். பக்கத்தின் தலையில் வரும் ஹெடரும் அப்படியே. ஃபுட்டரை விடுவித்தால் ஹெடர் தானாக விடுபடாது.

செக்ஷன் பிரேக்கை அழித்தேன். ரோமன் எண் எல்லாம் 1, 2, 3 ஆகிவிட்டது.

ஒரு செக்ஷனின் குணம் முழுவதும் அதன் முடிவில் இருக்கும் பிரேக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. பிரேக்கை அழித்தால் மேலே இருக்கும் பகுதி தன் குணத்தை இழந்து, கீழே இருப்பதன் குணத்தை எடுத்துக்கொள்ளும். மேலே உள்ளதுதான் கீழே பரவும் என்று நாம் நினைப்போம், நடப்பது நேர்மாறு. உடனே கன்ட்ரோல்+இசட் தட்டி மீளுங்கள். அழிக்கும் முன் ஹோம் பட்டையில் உள்ள பத்திக்குறியை அழுத்திக்கொண்டால், எந்த இடத்தில் எந்த பிரேக் இருக்கிறது என்று இரட்டைப் புள்ளிக் கோடாகத் தெரியும்.

ரோமன் எண் போட்டால் தமிழ் எழுத்து வருகிறது. வைரஸா?

இல்லை, பயப்படாதீர்கள். கோப்பு பாமினி எழுத்துருவில் இருக்கிறது. பாமினி யூனிகோடு அல்ல, அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு தரும் முறையில் அமைந்ததல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் உருவத்தை வைத்திருக்கும் எழுத்துரு. அதில் ஆங்கில 'ஐ' விசைக்கு ஐகாரக் கொம்பு, 'வி' விசைக்கு எ, 'எக்ஸ்' விசைக்கு ஒ. வேர்ட் சரியாகத்தான் ரோமன் ஐந்தைப் போடுகிறது, பாமினி அதை எ என்று காட்டுகிறது. ரோமன் பத்து ஒ ஆகும். ரோமன் மூன்று மூன்று ஐகாரக் கொம்புகளாக நிற்கும்.

ஃபுட்டரில் எண்ணை மட்டும் தேர்ந்து டைம்ஸ் நியூ ரோமன் கொடுத்தால் சரியாகிவிடும். பொருளடக்கத்திலும் இதே கோளாறு வரும். அங்கே எண்ணை மட்டும் தேர்ந்து எழுத்துருவை மாற்றினால் அடுத்த புதுப்பிப்பில் அது போய்விடும் என்பதால், அச்சுக்கு முன் கடைசி வேலையாக வையுங்கள். இன்னும் எழுதத் தொடங்காதவர்களிடம் நான் மனதாரக் கேட்பது: யூனிகோடில் எழுதுங்கள். உங்கள் ஆய்வேட்டை நாளைக்கு ஒருவர் தேடிப் படிக்கவும் அதுதான் வழி.

நடுவில் வைத்த எண் நடுவில் இல்லை.

பைண்டிங்குக்காக இடது ஓரத்தை ஒன்றரை அங்குலம் ஆக்கியிருப்பீர்கள். ஃபுட்டர் பாணியில் நடுவுக்கு ஒன்று, வலது ஓரத்துக்கு ஒன்று என இரண்டு டேப் நிறுத்தங்கள் உண்டு, டேப் விசை தட்டினால் கர்சர் போய் நிற்கும் இடங்கள் அவை. ஓரம் மாறினாலும் அவை நகராது, பழைய அகலத்துக்கு வைத்த தூரத்திலேயே நிற்கும். டேப் தட்டி எண்ணை நடுவுக்குக் கொண்டுவந்திருந்தால் அது அரை அங்குலம்வரை விலகிக் காட்டும். ஃபுட்டரில் எண் மட்டும்தான் என்றால் டேப்பை அழித்துவிட்டு கன்ட்ரோல்+இ கொடுத்து நடுப்படுத்துங்கள். இடப்பக்கம் தலைப்பும் வலப்பக்கம் எண்ணும் வேண்டுமானால், ஃபுட்டர் பட்டையில் இன்சர்ட் அலைன்மென்ட் டேப் என்று ஒன்று இருக்கிறது. அது ஓரத்தைப் பார்த்துத் தானே நகரும்.

பெரிய அட்டவணைக்காக ஒரு பக்கத்தை மட்டும் படுக்கையாக வைத்தேன். பைண்டிங் ஆனபின் எண் பக்கவாட்டில் போய்விட்டது.

கவனமாகப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

அட்டவணைக்கு முன்னும் பின்னும் நெக்ஸ்ட் பேஜ் செக்ஷன் பிரேக் வையுங்கள். நடுச் செக்ஷனில் கர்சரை வைத்து லேண்ட்ஸ்கேப் கொடுங்கள். அந்தச் செக்ஷனின் ஃபுட்டரையும், அதற்கு அடுத்த செக்ஷனின் ஃபுட்டரையும் முந்தியதிலிருந்து விடுவியுங்கள். பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அப்போது படுக்கைப் பக்கத்தில் செய்த மாற்றம் எஞ்சிய ஆய்வேடு முழுவதற்கும் பரவும்.

புத்தகமாகக் கட்டும்போது படுக்கைப் பக்கத்தின் தலைப்பகுதி தையல் பக்கம் போகும். ஆகவே அதன் மேல் ஓரம் ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும். மற்றப் பக்கங்களின் அடிக்கு நேராக வருவது இந்தப் பக்கத்தின் இடது ஓரம். எண் அங்கேதான் நிற்க வேண்டும். ஃபுட்டரில் உள்ள எண்ணை அழித்துவிட்டு, ஃபுட்டருக்குள் இருந்தபடியே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வரைந்து, இடது ஓரத்தில் உயரத்தின் நடுவே வையுங்கள். அதற்குள் பக்க எண் ஃபீல்டைப் போட்டு, டெக்ஸ்ட் டைரக்ஷனில் 90 டிகிரி சுழற்றுங்கள். ஒரு தாளை அச்செடுத்து மற்றத் தாள்களோடு அடுக்கிப் பாருங்கள். எண் மற்ற எண்களுக்கு நேராக வந்து உட்காரும்.

இரண்டு பக்கமும் அச்சிடச் சொல்கிறார்கள். எண் வெளி ஓரத்தில் வர வேண்டும்.

டிஃபரெண்ட் ஆட் அண்ட் ஈவன் பேஜஸ் என்பதில் டிக் செய்யுங்கள். ஒற்றைப்படை எண் வலப்பக்கம், இரட்டைப்படை இடப்பக்கம். இந்த டிக் ஒரு செக்ஷனுக்கு மட்டும் வராது, கோப்பு முழுவதற்கும் பொருந்தும். ஓரங்களுக்கு மிரர் மார்ஜின்ஸ். இயல்கள் எப்போதும் வலப்பக்கத்தில் தொடங்க வேண்டுமானால் நெக்ஸ்ட் பேஜுக்குப் பதில் ஆட் பேஜ் பிரேக். தேவைப்படும் இடத்தில் அச்சில் ஒரு வெள்ளைப் பக்கம் விழும். அதைத் தவறு என்று எடுத்துவிடாதீர்கள்.

'பக்கம் 3 / 45' என்று மொத்தத்தோடு காட்ட முடியுமா?

முடியும். பேஜ் நம்பர் பட்டியலில் பேஜ் எக்ஸ் ஆஃப் ஒய் என்ற அமைப்பு இருக்கிறது. அது போடும் மொத்தம் நம்பேஜஸ் என்ற ஃபீல்டு. முன்பகுதியையும் சேர்த்து எண்ணும். ஆகவே கடைசிப் பக்கத்தில் '180 / 194' என்று நின்று குழப்பும். உடல் முழுவதும் ஒரே செக்ஷன் என்றால் செக்ஷன்பேஜஸ் ஃபீல்டு போதும். பல செக்ஷன்கள் என்றால், கடைசிப் பக்கத்தில் ஒரு புக்மார்க் வைத்து, இன்சர்ட் மெனுவின் கிராஸ் ரெஃபரன்ஸ் வழியாக அந்த புக்மார்க்கின் பக்க எண்ணை ஃபுட்டரில் காட்டுங்கள். ஆய்வேட்டுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. அலுவலக அறிக்கைக்கும் ஒப்பந்தத்துக்கும் தேவை, அங்கே ஒரு தாள் காணாமல் போனால் தெரிய வேண்டும்.

பொருளடக்கத்தில் பழைய எண்ணே இருக்கிறது.

பொருளடக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. அதற்குள் சொடுக்கி எஃப்9 தட்டுங்கள். தலைப்பு மாறவில்லை என்றால் பேஜ் நம்பர்ஸ் ஒன்லி, மாறியிருந்தால் என்டயர் டேபிள்.

முதல் இயலின் மூன்றாம் பக்கத்தை மட்டும் அச்செடுக்க 3 என்று கொடுத்தால் வேறு பக்கம் வருகிறது.

கோப்பில் பல 3-ஆம் பக்கங்கள் இருக்கும்போது செக்ஷனையும் சொல்ல வேண்டும். அச்சுப் பெட்டியில் பேஜஸ் என்ற இடத்தில், ஆங்கில எழுத்தில் பி, அடுத்து 3, அடுத்து எஸ், அடுத்து செக்ஷன் எண். இடைவெளி வேண்டாம். ஒரு செக்ஷன் முழுவதும் வேண்டுமானால் எஸ் போட்டு அதன் எண். திருத்திய பக்கத்தை மட்டும் மாற்றி அச்செடுக்கும்போது இது எவ்வளவோ தாளை மிச்சப்படுத்தும்.

லிப்ரே ஆபிஸில் செக்ஷன் பிரேக்கைத் தேடினேன், கிடைக்கவில்லை.

லிப்ரே ஆபிஸில் வேர்டுக்கு இணையான ரைட்டரில் அந்த வேலையைப் பேஜ் ஸ்டைல் செய்கிறது. முன்பகுதிக்கு ஒரு ஸ்டைல், உடலுக்கு ஒரு ஸ்டைல். ஒவ்வொன்றுக்கும் தன் ஃபுட்டர், தன் எண் முறை. பழகிவிட்டால் வேர்டைவிட இது தெளிவானது என்பேன், ஏனென்றால் ஒரு ஸ்டைலின் ஃபுட்டர் இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வதே இல்லை. முதல் இயலின் தொடக்கத்தில் இன்சர்ட், மோர் பிரேக்ஸ், மேனுவல் பிரேக் என்று போய், உடலுக்கான ஸ்டைலைத் தேர்ந்து, சேஞ்ச் பேஜ் நம்பரில் 1 கொடுங்கள். 2023-இல் வந்த 7.6 பதிப்பிலிருந்து இன்சர்ட் மெனுவிலேயே பேஜ் நம்பர் என்ற நேர்வழியும் இருக்கிறது.

ஒரு பொறி உண்டு. பக்க எண் ஃபீல்டைத் திறந்தால் ஆஃப்செட் என்று ஒரு இடம் இருக்கும். எண்ணைக் கூட்டிக் குறைக்க அது என்று தோன்றும். அது எண்ணை மாற்றுவதற்கல்ல, வேறொரு பக்கத்தின் எண்ணை இங்கே காட்டுவதற்கு. அதில் 1 கொடுத்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிந்து, கடைசிப் பக்கத்தில் மட்டும் எண் வராது. ஏனென்றால் அதற்கு அடுத்த பக்கமே இல்லை.

கூகுள் டாக்ஸில் ஃபுட்டரே காணவில்லை.

ஃபைல், பேஜ் செட்டப் போய் பேஜ்லெஸ் என்று இருக்கிறதா பாருங்கள். அந்த அமைப்பில் பக்கமே இல்லாததால் எண்ணும் இல்லை. பேஜஸ் என்று மாற்றினால் வந்துவிடும். செக்ஷன் பிரேக்கும் லிங்க் டு பிரீவியஸும் இங்கேயும் உண்டு. ஆனால் ஆய்வேட்டை இதில் முடிக்க வேண்டாம் என்பது என் யோசனை. எழுதுவதற்கும் கைடிடம் காட்டுவதற்கும் வைத்துக்கொண்டு, கடைசி வடிவத்தை வேர்டிலோ ரைட்டரிலோ செய்யுங்கள்.

வீட்டில் 180 பக்கம், கடையில் திறந்தால் 186.

கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லை. வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து வரிகள் நீண்டிருக்கும். பென்டிரைவில் வேர்ட் கோப்போடு பிடிஎஃப்பும் கொண்டுவாருங்கள். வேர்ட் கோப்பிலேயே அச்செடுக்க வேண்டியிருந்தால், வீட்டிலேயே ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் போய் எம்பெட் ஃபாண்ட்ஸ் இன் த ஃபைல் என்பதில் டிக் செய்து சேமியுங்கள்.

பைண்டிங்குக்கு முன் எந்தப் பக்கங்களைப் பார்த்தால் போதும்?

எல்லாப் பக்கத்தையும் புரட்ட நேரமில்லை என்றால் இணைப்பு இடங்களைப் பாருங்கள். முகப்பு, ரோமன் எண்ணின் கடைசிப் பக்கம், முதல் இயலின் முதல் இரண்டு பக்கம், ஒவ்வொரு இயலும் தொடங்கும் பக்கம், படுக்கைப் பக்கத்துக்கு முன்னும் பின்னும், துணைநூற்பட்டியலின் தொடக்கம். பிறகு பொருளடக்கத்திலிருந்து எங்காவது மூன்று தலைப்பை எடுத்து, அந்த எண்ணுள்ள தாளைப் புரட்டித் தலைப்பு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இதை பிடிஎஃப்பில் பார்க்காமல், அச்செடுத்த முதல் பிரதியில் விரல் வைத்துப் பாருங்கள். மற்ற நான்கு பிரதிகளை அதன் பிறகு அச்செடுக்கலாம்.